டிராகனைக் கண்டும் அவர்கள் ஏன் ஓடவில்லை?

கேள்வி: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக நடிக்கும் மேசை ஆட்டத்தின் 5ஆம் பதிப்பை (2014 விதிகள்) ஆடுகிறோம்; கதையை நடத்துவது நான். மூன்றாம் நிலைக் (லெவல் 3) கதாபாத்திரங்களோடு நான்கு பேர். முழு வளர்ச்சியடைந்த சிவப்பு டிராகனைக் காட்டி, மலை போன்ற உடல், கனலும் கண்கள் என்றெல்லாம் வர்ணித்தேன். ஒதுங்கிப் போவார்கள் என்று பார்த்தால் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தார்கள். மொத்தக் குழுவும் காலி. ஆபத்தை எப்படி உணர்த்துவது?

பதில்: உங்கள் ஆட்டக்காரர்கள்மேல் தவறில்லை. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் ஓர் அரக்கனைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதை வெல்ல வழி இருக்கும் என்பது இந்த ஆட்டத்தின் எழுதப்படாத ஒப்பந்தம். பயங்கரமான வர்ணனை அவர்கள் காதில் 'இன்று பெரிய சண்டை' என்றுதான் விழும். போன வாரம் கோப்ளின் என்னும் குட்டி அரக்கனுக்கும் இதே தொனியில் வர்ணித்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்களுக்குத் தெரிந்து அவர்களுக்குத் தெரியாதது ஒரு கணக்கு. அந்த டிராகனின் தீ மூச்சு 18 ஆறுமுகப் பகடைகள், சராசரிச் சேதம் 63. மூன்றாம் நிலைப் போர்வீரனிடம் ஏறக்குறைய 28 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளிகள்) இருக்கும். சேவிங் த்ரோவில் (தாக்குதலிலிருந்து விலக உருட்டும் பகடையில்) தப்பினாலும் பாதிச் சேதம் 31, ஆள் விழுந்துவிடுவான். தப்பாவிட்டால் அந்த 28 போக மிஞ்சும் சேதமே 35. அது அவனுடைய முழு ஹிட் பாயிண்டையும் தாண்டுவதால் விதிப்படி அங்கேயே மரணம். இந்தக் கணக்கு எந்த வடிவிலாவது அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். அடைமொழிகளால் அது போகாது.

முதல் வடிவம், அவர்களே அடிபட்டுத் தெரிந்துகொண்ட ஓர் அளவுகோல். 59 ஹிட் பாயிண்ட் உள்ள ஓகர் என்னும் முரட்டு அரக்கனை முன்பு திணறித் திணறி வீழ்த்தியிருக்கிறார்களா? அப்படியானால் வழியில் மூன்று ஓகர்கள் கருகிக் கிடக்கட்டும், கதாயுதம் இன்னும் முதுகிலேயே கட்டியிருக்கட்டும். ஆயுதத்தை எடுக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். அவர்கள் சண்டையில் பார்த்தே இராத காவலர் தலைவனின் பிணத்தைக் காட்டிப் பயனில்லை; அவன் எவ்வளவு பலசாலி என்று யாருக்குத் தெரியும்? இத்தகைய தடயம் ஒன்று போதாது, மூன்று தடயங்களாவது வையுங்கள். ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். எதையும் பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) பகடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். உயிர் போகும் தகவலுக்குப் பகடை உருட்டச் சொன்னால், தோற்றவருக்கு எச்சரிக்கையே வராது.

இரண்டாவது, வெளிப்படையாகச் சொல்லிவிடுவது. "பல போர்களைக் கண்ட உன் வீரனுக்கு இது பார்த்தவுடன் தெரிகிறது: அந்தத் தீ ஒருமுறை பட்டால் உங்களில் யாரும் நிற்க மாட்டீர்கள். தெரிந்துதான் போகிறீர்களா?" இது ஆட்டத்தின் மயக்கத்தைக் கலைக்கும் என்று பலர் தயங்குகிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கிறது. கதாபாத்திரம் வெப்பத்தை உணர்கிறது, அளவைக் கண்ணால் பார்க்கிறது; ஆட்டக்காரருக்குக் கிடைப்பது உங்கள் வாய்ச்சொல் மட்டுமே. அந்த இடைவெளியை நிரப்புவது உங்கள் வேலை.

நேரமும் தூரமும் முக்கியம். இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை முதலில் என்று தீர்மானிக்கும் பகடை) உருட்டச் சொன்ன நொடியில் எல்லோரும் சண்டைக்குத் தயாராகிவிடுவார்கள், அதன்பின் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அந்த டிராகனின் அச்சமூட்டும் ஆற்றல் 120 அடி வரை, தீ மூச்சு 60 அடி வரை எட்டும். எனவே முதல் காட்சி குறைந்தது 300 அடிக்கு அப்பால், அது வேறெதையோ கவனித்துக்கொண்டிருக்கும்போது நிகழட்டும். அங்கே அது ஒரு குதிரையைக் கடித்தால், சேதப் பகடைகளை உங்கள் மறைப்புத் திரைக்கு வெளியே, எல்லோரும் பார்க்க உருட்டி எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை இதைவிட வேகமாக வேலை செய்யும் எச்சரிக்கை கிடையாது.

இனி, பலரும் கவனிக்காத இடம். ஆபத்து புரிந்தும் சிலர் ஓடுவதில்லை, ஏனென்றால் ஓட்டம் பலிக்காது என்று அவர்களுக்குத் தெரியும். மனிதக் கதாபாத்திரத்தின் வேகம் ஒரு முறைக்கு 30 அடி, டேஷ் செய்தால் (தாக்காமல் ஓட்டத்துக்கே அந்த முறையைச் செலவிட்டால்) 60. ஓகருக்கு 40, டேஷ் செய்தால் 80. டிராகன் பறந்தால் 80, டேஷோடு 160. கட்டம் எண்ணி ஆடினால் ஓடுகிறவர் செத்தார். ஆகவே பின்வாங்குவதாகக் குழு சொன்னதும் முறை எண்ணுவதை நிறுத்தி, அதைத் தனிக் காட்சியாக ஆடுங்கள்: டிராகன் நுழைய முடியாத பிளவு, எறிந்துவிட்டுப் போகும் சுமை, கைவிடும் புதையல் என்று ஏதாவது ஒரு விலை கொடுத்தால் தப்பலாம். இந்த ஏற்பாட்டை முதல் அமர்விலேயே சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால், அந்த ஒரு தடவை காட்டும் கருணையாகத் தோன்றும்.

உருவத்தில் ஆபத்து தெரியாத அரக்கர்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். நிழல் என்னும் ஷேடோவின் சேலஞ்ச் ரேட்டிங் (அரக்கனின் கடினத்தைக் காட்டும் எண்) வெறும் 1/2. ஆனால் ஒவ்வோர் அடியும் கதாபாத்திரத்தின் வலு எண்ணிலிருந்து 1 முதல் 4 வரை உறிஞ்சும், வலு பூஜ்யமானால் சாவு. வலு 8 உள்ள மந்திரவாதி இரண்டே அடியில் போகலாம், ஹிட் பாயிண்ட் மிச்சமிருக்கும்போதே. முதல் அடியிலேயே "தடியைத் தூக்கக் கை வரவில்லை" என்று சொல்லி, வலு எத்தனை குறைந்தது, பூஜ்யத்தில் என்ன ஆகும் என்பதையும் அப்போதே அறிவித்துவிடுங்கள். ட்ரோல் என்னும் அரக்கன் அப்படியல்ல, முறைக்கு 10 ஹிட் பாயிண்ட் மீள்வதை அவர்கள் கண்ணாலேயே காண்பார்கள்; தீயும் அமிலமும் அதை நிறுத்தும் என்ற தடயம் முன்பே கிடைத்திருந்தால் போதும்.