தவளை வகையறாவில் நுரையீரலே இல்லாத பிராணி ஏதாவது உண்டா?

உண்டு. பல்லி போல வாலும் காலும் உள்ள, தவளையின் உறவுக்காரர்களான சலமாண்டர்களில் ஒரு பெரிய குடும்பமே தோலாலும் வாயின் உள்சவ்வாலும்தான் மூச்சு விடுகிறது. ஆனால் அவை பெரும்பாலும் சின்ன உருப்படிகள். நான் சொல்ல வருவது அட்ரிடோகோனா ஐசெல்ட்டி என்ற பிரேசில் நாட்டு சிசிலியனைப் பற்றி. சிசிலியன்கள் தவளைக்கும் சலமாண்டருக்கும் உறவுக்காரர்கள், கால் கிடையாது, முக்கால்வாசி மண்ணுக்குள் வாழ்பவை, சில மட்டும் முழுக்கத் தண்ணீருக்குப் போய்விட்டன, அதில் இது ஒன்று.

1968-இல் டெய்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியன்னா அருங்காட்சியகத்தில் பதப்படுத்தி வைத்திருந்த ஒரே ஓர் உடலை வைத்து இதைப் புது இனம் என்று அறிவித்தார். எங்கே பிடிபட்டது என்று கேட்டால் தென் அமெரிக்கா, அவ்வளவுதான் குறிப்பு. 1990களில் நஸ்பாம், வில்கின்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதே உடலை மறுபடி ஆராய்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது: உள்ளே நுரையீரல் இல்லை, அதற்குப் போகும் ரத்தக் குழாய்களும் இல்லை. மூக்குத் துளை வெளியே இருக்கிறது, ஆனால் அது வாய்க்குள் திறக்க வேண்டிய இடம் அடைபட்டிருக்கிறது. பதிலுக்கு, தோலின் நுண்குழாய்கள் மேல்தோலுக்குள்ளேயே ஏறி வந்து தண்ணீரை நெருங்கி நிற்கின்றன.

இதில் என்னை அசத்துவது நீளம். அந்த உடல் 72 செ.மீ.க்கும் மேல். உடம்பு பெருக்கப் பெருக்க, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு குறைந்துகொண்டே போகும், அப்படியிருக்க இவ்வளவு பெரிய உடம்பைத் தோல் மட்டும் எப்படித் தாங்கும்? ஆக்சிஜன் நிறைந்த, வேகமாக ஓடும் குளிர்ந்த ஓடையில்தான் இருக்கும் என்று ஊகித்தார்கள். நியாயமான ஊகம்தான்.

ஆனால் 2011-இல் பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்தில் மடெய்ரா ஆற்றில் சாண்டோ அண்டோனியோ அணை கட்டும்போது, ஆற்றின் ஒரு பகுதியில் தண்ணீரை வடித்த இடத்தில், பாறைகளுக்கு நடுவே ஆறு உயிருள்ள விலங்குகள் கிடைத்தன. அப்புறம் அமேசான் முகத்துவாரத்தில் பெலேம் பக்கமும் தென்பட்டது. இரண்டுமே தாழ்நிலம், கலங்கலான வெதுவெதுப்பான தண்ணீர், அதாவது ஆக்சிஜன் குறைவாகக் கரையும் தண்ணீர்!

உருவத்தை வைத்து ஆபாசமான பட்டப்பெயரோடு படங்கள் சுற்றுகின்றன, எனக்கு அது வருத்தம்தான். தட்டையான அகலத் தலை, முதுகில் துடுப்பு போன்ற சதை மடிப்பு என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. நாலுகால் முன்னோரிடமிருந்து வந்த முதுகெலும்பிகளில், நுரையீரல் இல்லாதவற்றுள் இதைவிடப் பெரியது தெரியவில்லை. அது கிடைத்த இடத்திலோ 2012-லேயே அணை மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டது.