இணையத்தில் கட்டில், அலமாரி, சோஃபா: எதை எங்கே வாங்குவது?

கேள்வி: ஆவணியில் சென்னை பெரும்பாக்கத்தில் ஒரு வாடகை ஃபிளாட்டுக்குக் குடிபோகிறோம். மூன்றாம் மாடி, லிஃப்ட் உண்டு. குயின் சைஸ் கட்டில், மெத்தை, மூன்று கதவு அலமாரி, மூன்று பேர் உட்காரும் சோஃபா, நான்கு பேருக்கு டைனிங் டேபிள் வேண்டும். கையில் 1,25,000 ரூபாய். கடைகடையாக ஏறி இறங்க நேரமில்லை. எந்த இணையதளத்தை நம்பி வாங்கலாம்? எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கினால் மலிவாக முடியுமா?

பதில்: ஐந்தையும் ஒரே தளத்தில் வாங்க வேண்டாம். மெத்தையையும் டைனிங் டேபிளையும் இணையத்தில் தைரியமாக வாங்கலாம். கட்டிலை அளவு சரிபார்த்து வாங்கலாம். அலமாரியைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். சோஃபாவை மட்டும் ஒரு முறையாவது உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். காரணங்களைச் சொல்கிறோம்.

முதலில் ‘தளம்’ என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமேசான், பிளிப்கார்ட் போன்றவை சந்தை. வெளிநாட்டு முதலீடு உள்ள சந்தைத் தளம் தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது என்பது இந்திய விதி. ஆகவே அங்கே உங்களுக்குக் கட்டில் விற்பவர் வேறொரு வியாபாரி. பொருளின் பக்கத்தில் ‘விற்பவர்’ என்று சிறிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கும். அதைத் தொட்டால் முகவரியும் மதிப்பெண்ணும் வரும். ஒரே படம், ஒரே கட்டில், மூன்று வியாபாரிகள், மூன்று விலை என்பது அங்கே சாதாரணம். 500 ரூபாய் குறைவாகக் கொடுப்பவர் போன மாதம்தான் கடை திறந்தவராகவும் இருக்கலாம். ஒரு ஸ்க்ரூ பாக்கெட் குறைந்தால் அனுப்பப் போகிறவர் அவர்தான் என்பதை நினைவில் வைத்து ஆளைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த வகை, சொந்தப் பெயரில் விற்பவர்கள்: வேக்ஃபிட், கோத்ரெஜ், நீல்கமல், 2020-இல் ரிலையன்ஸ் வாங்கிய அர்பன் லேடர், ஐகியா. இவர்களிடம் விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் கழித்து ஒரு கீல் உடைந்தால் கேட்க ஒரு பெயர் இருக்கிறது. மூன்றாவது வகை, ஜோத்பூர்ப் பட்டறைகளிலிருந்து வரும் கட்டை மரச் சாமான்களை நேரடியாக விற்கும் தளங்கள். நான்காவது, உங்கள் ஊர்க் கடைக்காரரே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்பது. கடைசி வகையை ஏளனமாகப் பார்க்க வேண்டாம். சோஃபாவுக்கு அதுதான் பல நேரம் சரியான இடம்.

எந்த வகையானாலும் ஐந்து நட்சத்திர விமர்சனங்களைத் தாண்டிப் போய் இரண்டு, மூன்று நட்சத்திரங்களைப் படியுங்கள். பொருள் வந்த அன்று எழுதியதில் ‘அழகாக இருக்கிறது’ என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆறு மாதம் கழித்து எழுதியதில்தான் ‘டிராயர் இழுபடவில்லை’, ‘ஓரம் உரிகிறது’ என்றெல்லாம் வரும். சென்னையிலிருந்து எழுதியவற்றைத் தனியாகத் தேடுங்கள். பூட்டித் தர வருபவர் பெரும்பாலும் அந்தந்த ஊரில் ஒப்பந்தத்துக்கு எடுத்த ஆள். டெல்லியில் கிடைத்த பாராட்டு மேடவாக்கத்துக்குப் பொருந்தாது.

இனி பொருள் பொருளாக.

மெத்தை சுருட்டி, காற்றை உறிஞ்சி, பெட்டியில் வருவதால் லிஃப்டில் சிக்கலில்லாமல் ஏறும். 100 இரவு படுத்துப் பார்த்துத் திருப்பித் தரும் சலுகையும் பலரிடம் உண்டு. அது உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று பாருங்கள். அதே நிறுவனத்தின் கட்டிலுக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள். தவறு நடப்பது அளவில்தான். நம் ஊரில் 72×60, 75×60, 78×60 அங்குலம் மூன்றுமே ‘குயின்’ என்று விற்கப்படுகின்றன. 78 அங்குலக் கட்டிலில் 72 அங்குல மெத்தை போட்டால் கால்மாட்டில் அரை அடி பள்ளம். வேறு சிலர் 150×200 செ.மீ. அளவில் கட்டில் செய்கிறார்கள். 60 அங்குலம் என்பது 152.4 செ.மீ., எனவே பக்கச்சட்டம் உயர்ந்த கட்டிலானால் மெத்தை உள்ளே உட்காராமல் விளிம்பில் தூக்கிக்கொண்டு நிற்கும். கட்டிலின் வெளி அளவை விட்டுவிட்டு ‘மெத்தை அளவு’ என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் பாருங்கள்.

கட்டிலில் பெரும்பாலும் ஷீஷம் மரத்தையே பார்ப்பீர்கள். இதைச் சில தளங்கள் ‘இண்டியன் ரோஸ்வுட்’ என்று எழுதுவதால், நம் ஆட்கள் ஈட்டி மரம் இவ்வளவு மலிவா என்று மயங்குகிறார்கள். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த உறவுக்கார மரங்கள்தாம், ஆனால் ஈட்டி வேறு, ஷீஷம் வேறு. ஷீஷம் நல்ல மரமே. அதன் வைரப் பகுதியில் பூச்சி எளிதில் ஏறாது. வெளிறு என்னும் வெள்ளைப் பகுதிதான் உளுத்துப்போகும். மலிவான கட்டில்களில் வெளிறையும் சேர்த்து அறுத்து, மேலே அடர் நிறம் பூசி மறைத்துவிடுவார்கள். வந்தவுடன் கட்டிலின் அடிப்பக்கம், ரீப்பர் கட்டைகள் ஆகியவற்றைத் திருப்பிப் பாருங்கள். குண்டூசி முனை அளவில் துளையும் கீழே மாவு போன்ற பொடியும் இருந்தால் அன்றே புகார் எழுதுங்கள். ரப்பர் மரத்துக்கும் இதே ஆபத்து உண்டு. போரான் மருந்து ஏற்றியதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று: ஜோத்பூர் பாலைவன ஓரத்து வறண்ட ஊர். அங்கே காய்ந்து பூட்டிய மரம் பெரும்பாக்கத்துச் சதுப்பு நிலக் காற்றில் ஈரத்தை இழுத்து உப்பும். ஐப்பசி, கார்த்திகையில் டிராயர் இறுகுவது இதனால்தான், அது பழுதாகாது. விளிம்பை உடனே இழைத்துவிடாதீர்கள். தை, மாசியில் தானே தளர்ந்துவிடும். கட்டை மரத்தின் இந்தக் குணம் பிடிக்காதவர்கள் பிளைவுட் கட்டில் வாங்கலாம். ‘தேக்கு ஃபினிஷ்’, ‘வால்நட் ஃபினிஷ்’ என்பவை நிறத்தின் பெயர்கள் மட்டுமே என்பதையும் சொல்லிவிடுகிறோம். அதற்குள் இருப்பது பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு.

அந்தப் பார்ட்டிகிள் போர்டுதான் உங்கள் அலமாரியின் கதை. ‘என்ஜினீயர்டு வுட்’ என்று தளத்தில் இருந்தால், மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே மோசமானதில்லை, எவ்வளவு தடிமன் என்பதுதான் கேள்வி. பலரும் தடிமனை எழுதமாட்டார்கள், ஆனால் எடையை எழுதியிருப்பார்கள். அங்கேதான் பிடிக்க வேண்டும். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 12 கிலோ. 4 அடி அகலம், 6 அடி உயரம், 20 அங்குல ஆழம் உள்ள மூன்று கதவு அலமாரிக்குப் பக்கம், நடுத்தடுப்பு, கதவு, மேல், கீழ், தட்டு எல்லாம் சேர்த்துச் சுமார் 7 சதுர மீட்டர் பலகை வேண்டும். ஆக, 85 முதல் 95 கிலோ இருக்க வேண்டும். 15 மி.மீ. என்றால் 75 முதல் 80. பொருளின் பக்கத்தில் 55 கிலோ என்று இருந்தால் பலகை 12 மி.மீ. அல்லது அதற்கும் மெலிது. கதவு வளையும், கீல் பிய்ந்துகொண்டு வரும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூ ஒரு முறை நன்றாகப் பிடிக்கும். கழற்றி மறுபடி பூட்டினால் துளை தளரும். மூன்றாவது முறை பிடிமானமே இருக்காது. வீடு துடைக்கும் தண்ணீர் அடிப்பலகையின் வெட்டு விளிம்பில் ஏறினால் பலகை பிஸ்கட் மாதிரி ஊதும், திரும்பச் சுருங்காது. 2 அங்குலக் கால் வைத்த மாடலா, கீழ் விளிம்பிலும் எட்ஜ் பேண்ட் என்னும் ஓரப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குளியலறைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் பின்பலகையில் பூஞ்சை பிடிக்கும். 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். இத்தனை பயமும் வேண்டாம் என்றால் ஸ்டீல் பீரோ வாங்குங்கள். பழைய பாணி என்று வீட்டில் முகம் சுளிக்கலாம், ஆனால் நான்கு வீடு மாறினாலும் பவுடர் கோட்டிங் கீறுமே தவிர உருக்குலையாது. கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன் என்பதால் 22 கேஜைவிட 20 கேஜ் மேல்.

சோஃபாவுக்கு வருவோம். அதில் விலையைத் தீர்மானிப்பவை மூன்றும் துணிக்குள் மறைந்திருக்கின்றன: சட்ட மரம், ஸ்பிரிங் அல்லது பட்டை, ஃபோம். உட்காரும் ஃபோம் 32 டென்சிட்டிக்கு (கன மீட்டருக்கு 32 கிலோ) குறையக் கூடாது. 28-க்கும் கீழே போனால் சீக்கிரம் குழி விழும். குஷனில் ஜிப் இருக்கிற மாடலைத் தேர்ந்தெடுத்தால் திறந்து பார்க்கலாம், பிறகு ஃபோமை மட்டும் மாற்றவும் செய்யலாம். உட்காரும் ஆழம் 20 முதல் 22 அங்குலம், தரையிலிருந்து உயரம் 17, 18 அங்குலம் இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் கைப்பிடியை ஊன்றாமல் எழுந்திருக்க முடியும். படத்தில் சொகுசாகத் தெரியும் 26 அங்குல ஆழச் சோஃபா காலை நீட்டிப் படம் பார்க்கத்தான் சரி. நிறுவனத்துக்கு சென்னையில் ஷோரூம் இருந்தால் ஒரு மாலை போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்து இணையத்தில் ஆர்டர் செய்யுங்கள். இல்லையென்றால் உள்ளூர்க் கடை.

டைனிங் டேபிளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நான்கு பேருக்கு 48×30 அங்குலம் போதும். நாற்காலியைப் பின்னால் இழுக்கச் சுற்றி இரண்டரை அடி விடுங்கள்.

ஆர்டர் போடுவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். 3 அடிக் கதவு என்பார்கள். நிலையும் திறந்த கதவின் தடிமனும் போகக் கிடைக்கும் வழி 32, 33 அங்குலம்தான். சோஃபாவின் உயரம், ஆழம் இரண்டில் சிறியது அதைவிட 2 அங்குலமாவது குறைவாக இருக்க வேண்டும். கால்களைக் கழற்ற முடிந்தால் நான்கைந்து அங்குலம் மிச்சம். லிஃப்டின் உட்புற உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 7 அடிச் சோஃபா நிமிர்ந்து நிற்காவிட்டால் படிக்கட்டு வழிதான், அதன் திருப்பங்களையும் அளக்க வேண்டியிருக்கும். பயணிகள் லிஃப்டில் சாமான் ஏற்ற உங்கள் அசோசியேஷன் விடுமா, எந்த நேரத்தில் விடும் என்றும் கேட்டுவிடுங்கள். டெலிவரி ‘வாசல் வரை’ என்றால் எந்த வாசல் என்பதில்தான் கூலித் தகராறு வரும். மூன்றாம் மாடிக்கு ஏற்றுவது சேருமா என்று முன்பே சாட்டில் கேட்டு, பதிலைப் படம் பிடித்து வையுங்கள்.

பணத்தைப் பிரிக்க ஒரு கணக்கு: மெத்தை 14,000, கட்டில் 24,000, அலமாரி 26,000, சோஃபா 36,000, டைனிங் செட் 20,000. மீதி 5,000 ஏற்றுக்கூலிக்கும் பூட்டும் செலவுக்கும். எல்லாம் ஒரே இடத்தில் வாங்கினால் மலிவா என்று கேட்டீர்கள். ‘பெட்ரூம் செட்’ என்று கட்டிவிடும் தொகுப்புகளில் கட்டில் கண்ணுக்கு நன்றாக இருக்கும், அலமாரியில்தான் கை வைத்திருப்பார்கள். மேலே சொன்ன எடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கார்டு தள்ளுபடிக்கும் உச்சவரம்பு உண்டு, பெரிய பில்லுக்குப் பெரிய தள்ளுபடி வராது. ‘வட்டியில்லாத் தவணை’ எடுத்தால் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டி மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில் விழும்.

இன்ஸ்டாகிராம் விளம்பரத்தில் 40,000 ரூபாய் சோஃபா 4,999 என்று வந்தால் தொடாதீர்கள். முகவரியும் ஜி.எஸ்.டி. எண்ணும் இல்லாத தளத்தில் முன்பணம் கட்டக் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாமல் செயலிக்குள் இருப்பதையே பயன்படுத்துங்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று கியூ.ஆர். கோடு அனுப்புபவர் திருடர்.

பொருள் வரும் நாளில் பெட்டியின் ஆறு பக்கத்தையும், பிரிப்பதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பெட்டி நசுங்கியிருந்தால் ‘சேதத்துடன் பெறப்பட்டது’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பூட்ட ஆள் வர நான்கு நாள் ஆகும் என்பார்கள். திருப்பும் கெடு அதற்குள் முடிந்துவிடலாம், ஆகவே பெட்டியை அன்றே பிரித்துப் பலகைகளை எண்ணுங்கள். ஆர்டர் போட்ட நாளிலேயே பொருளின் பக்கத்தை முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது முக்கியம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாமலோ இருந்தால் விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. ‘ரிட்டர்ன் கிடையாது’ என்று தளத்தில் எழுதியிருந்தாலும் அப்படித்தான். சொன்ன தன்மை எது என்று காட்ட அந்த ஸ்கிரீன்ஷாட் வேண்டும்.

தளத்தின் குறைதீர் அதிகாரி புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வழக்கு. நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

ஆவணியில் குடிபோவதால், கட்டிலையும் மெத்தையையும் ஆடி நடுவிலேயே ஆர்டர் போட்டு, சாவி கைக்கு வரும் வாரத்தை டெலிவரி நாளாகக் குறிக்கச் சொல்லுங்கள். அலமாரியையும் சோஃபாவையும் குடிபோன பிறகு, துணிமணி எவ்வளவு, ஹாலில் இடம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துவிட்டு வாங்கலாம்.