நாற்பது நாள் தாண்டியும் அழுகை நிற்கவில்லை
பேறுகால மனநலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குழந்தை பிறந்து 41 நாள் ஆகிறது. சிசேரியன். முதல் வாரம் அழுதபோது "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்றார்கள். இன்னும் அழுதுகொண்டுதான் இருக்கிறேன். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. குழந்தையைப் பார்த்தால் பாசத்தைவிடப் பயம்தான் முந்துகிறது. கண்ணேறு என்று அம்மா மூன்று தடவை சுற்றிப் போட்டுவிட்டார். தானாகச் சரியாகிவிடுமா?
– பெயர் வேண்டாம், அம்மாபேட்டை

பதில்: முதல் வாரத்தில் அவர்கள் சொன்னது சரி. அதையே 41ஆம் நாளும் சொல்வதுதான் தப்பு.

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில், பால் கட்டத் தொடங்கும்போது, காரணமில்லாமல் கண் கலங்குவது பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் ஓரிரு நாளில் சரசரவென்று இறங்குகின்றன. கூடவே தூக்கமும் கெடுகிறது. ஐந்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் தானே வடிந்துவிடும். அதைத் தாண்டி நீடித்தால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம், வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளை 2017இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒரு தாய்க்கு இது இருந்தது தெரிந்தது. குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குக் கண் மூடவில்லை என்கிறீர்களே, மருத்துவர் முதலில் கவனிக்கும் அடையாளம் அதுதான். வெறும் அலுப்பாக இருந்தால் தலையணையில் சாய்ந்ததும் தூக்கம் வந்துவிடும்.

இதை அளக்க 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது. தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாளை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஐந்து நிமிட வேலை. மொத்தம் 30 மதிப்பெண். பத்தைத் தொட்டால் மருத்துவர் விசாரித்துப் பார்க்க வேண்டும், 13க்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்க அதிக வாய்ப்பு. பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதிலும் பூஜ்யம் வாங்கியிருந்தாலும், இதற்கு "எப்போதாவது" என்று பதில் வந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள், பிரசவச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகலாம். இடையில் பசித்தால் பால் கொடுக்க வேண்டியிருக்குமே. ஹீமோகுளோபினும் தைராய்டும் (டி.எஸ்.எச்.) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிசேரியனில் ரத்தம் நிறையப் போயிருந்தால் ரத்தசோகையே இந்தச் சோர்வைக் கொண்டுவரும். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, முதலில் படபடப்பையும் சில மாதம் கழித்து மந்தத்தையும் தரும். இதைப் பார்க்காமல் மன நோய் என்று முத்திரை குத்திய கதைகள் உண்டு.

மருத்துவரோ ஆலோசகரோ முதல் நாள் கேட்பது தூக்கம், சாப்பாடு, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், முன்பு இப்படி வந்ததா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பவைதான். நோய் லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் மாத்திரை இல்லாமலே பேச்சு வழி சிகிச்சையில் குணமாகும். வாரம் ஒரு தடவை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம், மொத்தம் 8 முதல் 16 தடவை. "நான் நல்ல அம்மா இல்லை" என்று மனம் சொல்வதை அப்படியே தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது ஒரு முறை. மாமியாரோடு, கணவரோடு எங்கே சிக்கல் என்று பார்த்து அதை அவிழ்ப்பது இன்னொரு முறை.

இதற்குப் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்றில்லை. பாகிஸ்தான் கிராமங்களில் நம் ஊர் கிராம சுகாதார செவிலியர் மாதிரி வீடு வீடாகப் போகும் பெண்களுக்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2008இல் வந்த முடிவுப்படி, அந்தப் பெண்கள் பேசிய தாய்மாரில் ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தது 23 சதவீதம் பேருக்கு. பயிற்சி இல்லாதவர்கள் வந்துபோன வீடுகளில் 53 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் அந்த முறையைக் கையேடாகவே வெளியிட்டிருக்கிறது. அதனால் உங்கள் பகுதிச் செவிலியர் குழந்தைக்கு எடை போட வரும்போது உங்களைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வீட்டில் உடனே மாற்ற வேண்டியது தூக்கம். விட்டு விட்டு எட்டு மணி நேரம் படுப்பதைவிட, ஒரே மூச்சில் நாலைந்து மணி நேரம் தூங்குவது மேல். இரவு ஒன்பதரைக்குப் பால் கொடுத்துவிட்டு வேறு அறையில் போய்ப் படுங்கள், இரண்டரை வரை யாரும் எழுப்பக் கூடாது. இடையில் பசிக்கு 60 மில்லி பாலைப் பீய்ச்சி வையுங்கள். சேலத்து வெக்கைக்கு வெளியில் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, ஃபிரிட்ஜில் வைப்பதே நல்லது. கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல், வெந்நீர்க் கிண்ணத்துக்குள் டம்ளரை நிறுத்தினால் போதும். பாலாடையில் கொடுக்க உங்கள் கணவர் பழகட்டும். குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டு ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். விழுங்கிய பிறகே அடுத்த சொட்டு. அவசரப்பட்டு வாய்க்குள் ஊற்றினால் புரையேறிவிடும்.

அம்மா சுற்றிப் போடுவதைத் தடுக்க வேண்டாம், அது அவர் ஆறுதலுக்கு. ஆஸ்பத்திரிக்கும் அவரையே கூட்டிப் போங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு டாக்டர் மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் மாத்திரை 50 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். பாலில் மருந்து இறங்கும், மாத்திரையோ தாய்ப்பாலோ ஒன்றை நிறுத்து என்கிறார் என் அம்மா. ஐந்து நாள் சாப்பிட்டதில் குமட்டல்தான் மிச்சம் என்று அவளே நிறுத்திவிட்டாள். அடிமையாக்கிவிடும் என்றும் சொல்கிறார்களே?
– வெள்ளிப் பட்டறைத் தொழிலாளி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: இரண்டையும் நிறுத்த வேண்டாம். பால் கொடுக்கும் தாய்க்கு முதலில் எழுதப்படும் மருந்துகளில் ஒன்று செர்ட்ராலின். காரணம், பாலில் இறங்குவது மிகக் குறைவு. எடைக்கு எடை கணக்கிட்டால் தாய் சாப்பிடும் அளவில் ஓரிரு சதவீதம்தான் குழந்தைக்குப் போகிறது. பத்து சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே பொதுவாக ஏற்கத்தக்கது என்பது மருத்துவக் கணக்கு. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, அல்லது நோய்வாய்ப்பட்ட குழந்தை என்றால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பால் குடிப்பது குறைந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ உடனே காட்டுங்கள்.

பலர் இந்த ஐந்தாவது நாளில்தான் கோட்டை விடுகிறார்கள். குமட்டல், தலைவலி, வயிறு இளகுவது எல்லாம் முதல் வாரத்தில் வரும். பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும். ஆக, கஷ்டம் முன்னால் வந்துவிடுகிறது, சுகம் பின்னால் வருகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். அதுவும் தாங்காவிட்டால் 25 மில்லிகிராமில் ஆரம்பிக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நல்லாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்; நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல் வரும். அதைத்தான் அடிமையாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பழகிப்போகும் ஆபத்து இருப்பது மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைகளில். அல்பிரசோலம் போன்றவை அந்த வகை. மருத்துவரே கொடுத்திருந்தாலும் அதைச் சாப்பிட்ட இரவு குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது. தூக்கத்தில் தாய் புரண்டு படுத்தால் தெரியாது.

கேள்வி: காய் நறுக்கும்போது கத்தி குழந்தை மேல் பட்டுவிடுவது போல மனசில் படம் ஓடுகிறது. மொட்டை மாடிக்குப் போகவே பயம், கையிலிருந்து நழுவ விட்டுவிடுவேனோ என்று. நான் பைத்தியமாகிக்கொண்டிருக்கிறேனா?
– இரண்டு மாதக் குழந்தையின் தாய், ஆத்தூர்

பதில்: இல்லை. புதிதாகத் தாயானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இப்படி வேண்டாத படம் எப்போதாவது வந்துபோகிறது. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அந்த எண்ணம் உங்களையே பதற வைக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். பதறுகிறவர் செய்வதில்லை.

ஆனால் கத்தியை ஒளித்து வைப்பது, மாடிக்கே போகாமல் இருப்பது, மூச்சு வருகிறதா என்று இரவில் இருபது முறை தொட்டுப் பார்ப்பது எல்லாம் அந்தப் பயத்துக்குத் தீனி போடும். ஒருநாள் முழுக்க இதிலேயே போகிறதென்றால் எண்ணச் சுழல் நோய்க்கு (ஓ.சி.டி.) சிகிச்சை தேவை. பயப்படும் காரியத்தை ஆலோசகர் துணையோடு சின்னச் சின்ன அளவில் செய்து பழகுவதே அது. முதல் நாள் குழந்தை அடுத்த அறையில் இருக்கக் காய் நறுக்குங்கள். அடுத்த வாரம் அதே அறையில்.

அந்த எண்ணம் சரி என்றே தோன்றினால், யாரோ காதில் கட்டளையிடுவது போலக் கேட்டால், நிலைமை வேறு. அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலை எங்களுக்கு. மகளுக்கு முதல் பிரசவத்தில் ஐந்தாம் நாளிலிருந்து தூக்கமே இல்லை. விடாமல் பேசினாள், குழந்தை தன்னுடையது இல்லை என்றாள். ஜன்னி என்று மந்திரித்தோம். பிறகுதான் சேலத்தில் சேர்த்துக் குணமானது. இப்போது ஏழு மாதம். மறுபடியும் வருமா?
– ஒரு தாய், ஏற்காடு

பதில்: வரலாம் அம்மா. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரும் பேறுகால மனப்பிறழ்வு இது. ஒரு முறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்தில் திரும்பும் வாய்ப்பு மூன்றில் ஒன்றிலிருந்து இரண்டில் ஒன்று வரை. தெரிந்தே காத்திருப்பதால் இந்தத் தடவை முன்கூட்டியே தயாராகிவிடலாம்.

இந்த மாதமே பழைய சீட்டுகளோடு மனநல மருத்துவரைப் பாருங்கள். பிரசவமான அன்றிலிருந்தே தடுப்பு மருந்து தரலாமா என்று அவரும் மகப்பேறு மருத்துவரும் பேசி முடிவு செய்வார்கள். பிரசவத்தைக் கீழே சேலத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு வாரமாவது அங்கேயே தங்குங்கள். அந்த நிலையில் நடுராத்திரி 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவது லேசில்லை. இரவில் ஒருவர் முறை வைத்துக் குழந்தையைப் பார்க்கட்டும். மகள் ஓர் இரவு முழுக்கத் தூங்காமல் "எனக்கு ஒன்றுமில்லை, சுறுசுறுப்பாக இருக்கிறேன்" என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் 108ஐ அழையுங்கள்.

ஜன்னி என்ற ஒரே சொல்லில் நாம் மூன்று நோய்களைப் போட்டு மூடிவிடுகிறோம். உங்கள் மகளுக்கு வந்த மனப்பிறழ்வு ஒன்று. காய்ச்சலோடு பிதற்றினால் கருப்பைக் கிருமித் தொற்றாக இருக்கலாம். கடும் தலைவலியோடு வலிப்பு வந்தால் ரத்த அழுத்தத்தாலோ மூளைச் சிரையில் ரத்தம் உறைந்ததாலோ இருக்கலாம். மூன்றுமே உயிருக்கு ஆபத்து. பச்சை உடம்பு என்று ஓய்வு கொடுப்பது நம் வழக்கத்தில் நல்ல பகுதி. தண்ணீரை அளந்து கொடுக்கும் பத்தியம் கெட்ட பகுதி, உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

சேர்க்கச் சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. தாயால் குழந்தைக்கு ஆபத்து என்றாலோ, குழந்தையின் நலனுக்கும் பாதுகாப்புக்கும் தேவை என்றாலோ மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கும் வார்டே இருக்கிறது.

கேள்வி: குழந்தைக்கு நாலு மாதம். மனைவி நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் வீட்டுக்குப் போகவே பிடிக்கவில்லை, சின்ன விஷயத்துக்கும் கத்துகிறேன், குடி கூடிவிட்டது. ஆண்களுக்கும் இது வருமா?
– ஓமலூர்

பதில்: பத்தில் ஒரு தகப்பனுக்கு வருகிறது, அதிகமாக மூன்றாவதிலிருந்து ஆறாவது மாதத்துக்குள். ஆண்களிடம் அது அழுகையாக வராமல் கோபமாக, குடியாக, ஓவர்டைமாக வரும். அதே பத்துக் கேள்வித் தாள் உங்களுக்கும் பொருந்தும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். குடித்திருக்கும்போது அழைக்காமல், காலையில் அழையுங்கள். சிகிச்சைக்கு முன்பே மாற்றக்கூடியது ஒன்று உண்டு: மேலே சொன்ன பாலாடை வேலையை இன்று இரவே எடுத்துக்கொள்ளுங்கள், குடிக்காத இரவாக இருந்தால்.