ஆழியாறில் வானம் காய்ந்துவிடுகிறது, மலை முன்னால் வருகிறது: என் பதில்

வணக்கங்க. ஆழியாறு அணைக்கரையில் வாட்டர் கலர் போட்டால் வானம் பட்டை பட்டையாகக் காய்கிறது, தூரத்து ஆனைமலை படத்தில் பக்கத்தில் இருப்பதுபோல் முன்னால் வந்து நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

வானத்தைக் கெடுப்பது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் பலமாக அடிக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, கனமான) தாளை இரண்டு பக்கமும் நன்றாக நனைத்துப் பலகையில் படியவையுங்கள். அடியில் ஈரம் இருந்தால் சீக்கிரம் காயாது. கலக்கும் தண்ணீரில் சில சொட்டு கிளிசரின் விடலாம், கூடினால் பிசுபிசுக்கும். நிறத்தை முன்பே தாராளமாகக் கரைத்துக்கொண்டு, பெரிய பிரஷால் ஒரே மூச்சில் இழுங்கள். காயத் தொடங்கிய இடத்தை மறுபடி தொடவே வேண்டாம்.

மலைக்கு வருவோம். மரம் பச்சை என்று தெரிந்ததால் பச்சையைப் போடுகிறோம். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், தூரத்து மலை சாம்பல் கலந்த நீலம். அல்ட்ராமரைன் என்ற நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, நிறையத் தண்ணீர், அவ்வளவுதான். அடர்ந்த நிறங்களைக் கரையோர மரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நிழலில் உட்காருங்கள். வெயிலில் தாள் கண்ணைக் கூசவைக்கும்; நம்மை அறியாமலே எல்லாவற்றையும் அடர்த்தியாகப் போட்டுவிடுவோம். வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் அது தெரியும்.