எண்ணூரில் அனல்மின் நிலைய விரிவாக்கத்தை எதிர்க்கும் மீனவர் குழுவுக்கு நிதி திரட்டி உதவுவது எப்படி?

பெரிய தொகையைவிட முக்கியம், பணம் கைக்கு வரும் நாள். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் (சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தனி நீதிமன்றம்) மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். 90 தாண்டினால் தீர்ப்பாயமே மனம் வைத்தாலும் எடுக்க முடியாது. அனுமதி வந்தபிறகு உண்டியல் குலுக்கினால் பாதி நாள் அதிலேயே போய்விடும். ஆகவே, அனுமதிக்கு முன் நடக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தின் அறிவிப்பு வந்ததுமே திரட்டத் தொடங்குங்கள். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்கும்.

தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, டெல்லி செலவு மிச்சம். தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பணத்தை விழுங்குவது வேறு: அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நீர், சாம்பல் பரிசோதனை, வக்கீல் செலவு, கடலுக்குப் போகாத நாளின் கூலி. கடைசியானதை நன்கொடையாளர்கள் அநேகமாக மறந்துவிடுவார்கள். மாதிரி எடுத்த இடம், நேரம், சீல் எல்லாம் பதிவாகாவிட்டால் அறிக்கை எதிர்த்தரப்பின் முதல் கேள்விக்கே நிற்காது.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத குழு வாங்கினால் குற்றம். பதிவு பெற்ற அமைப்பும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. அமெரிக்காவில் குடியுரிமை வாங்கிய மாமா அனுப்புவதும் வெளிநாட்டுப் பணம்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அப்படி இல்லை.

உள்ளூர்ப் பணத்துக்கு ஏழு பேர் சேர்ந்து சங்கம் பதிந்து, இருவர் கையெழுத்துள்ள கணக்கு தொடங்குங்கள். தனிநபர் ஜிபே எண்ணுக்கு வாங்காதீர்கள். ஊருக்குள் சந்தேகம் கிளம்புவது அங்கேதான்.