கேட்டது பதினேழு, பார்த்தது ஒன்று

கேள்வி: எங்கள் தெருவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பதினோரு நாளாகக் காணவில்லை. புருஷன் ஸ்டேஷனில் புகார் கொடுத்திருக்கிறான், ஆனால் அவன் முகத்தில் கவலையே தெரியவில்லை. எவனோடோ போய்விட்டாள் என்கிறார்கள், அவனே ஏதோ செய்துவிட்டான் என்கிறார்கள், தலைச்சன் பிள்ளைக்காக யாரோ கடத்திவிட்டார்கள் என்றும் பேச்சு. நாலு வருஷம் பழகிய பெண், மனசு அடித்துக்கொள்கிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?
– பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: எனக்கு எதுவும் தோன்றவில்லை அம்மா. ஒரு ஊரே தோன்றினதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போது நான் வேறு எதற்கு?

உங்கள் கடிதம் நாலு பக்கம். மேலே அச்சாகியிருப்பது அதில் சில வரிகள்தான். பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். 'சொல்கிறார்கள்', 'பேசிக்கொள்கிறார்கள்', 'கேள்விப்பட்டேன்' எல்லாம் சேர்ந்து பதினேழு இடத்தில் வருகின்றன. 'நான் பார்த்தேன்' என்பது ஒரே இடத்தில், நாலாம் பக்கம் கடைசிப் பத்தியில், 'அப்புறம் இன்னொன்று' என்று தொடங்கி வருகிறது. அவள் காணாமல்போன அன்று காலை நீங்கள் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தீர்கள். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒயர் கூடையோடு அவள் உங்களைத் தாண்டிப் போனாள். கூடையில் ஸ்கேன் கவர் நீட்டிக்கொண்டிருந்தது. எத்தனை மணி, எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அச்சில் விடவில்லை.

கடிதம் வந்த அன்றே, அதிலிருந்த நம்பரில் உங்களைக் கூப்பிட்டேன். இதை ஸ்டேஷனில் சொன்னீர்களா என்று கேட்டதற்கு, "யாரும் என்னைக் கேக்கலையே சார்" என்றீர்கள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்களுக்குத் தெரியும், தெரு வாட்ஸாப் குழுவுக்குத் தெரியும், அண்ணா சாலையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் தெரியும். தேடுகிறவருக்கு மட்டும் தெரியாது. போனில் சொன்னதை இங்கே திரும்ப எழுதுவது உங்களுக்காக இல்லை, மற்ற தெருக்காரர்களுக்காக.

அந்த ஸ்கேன் கவர் சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பிக்மி நம்பர் கொடுக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கவே அது வேண்டும். செக்கப்புக்கோ பிரசவத்துக்கோ எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். உங்கள் பகுதி நர்ஸம்மாவிடம் அந்தப் பதிவு இருக்கும். அந்த நம்பர் போலீஸ் கையில் இருந்தால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., எழும்பூர், திருவல்லிக்கேணி கஸ்தூர்பா என்று பிரசவ ஆஸ்பத்திரிகளில் விசாரிக்க ஒரு பிடி கிடைக்கும். எட்டு மாதம் என்றால் பிரஷர் ஏறக்கூடிய நேரம், எங்காவது மயங்கி விழுந்து பேச முடியாமல்கூடக் கிடக்கலாம். ஸ்டான்லி கேஷுவாலிட்டியில் பேர் தெரியாமல் சேர்த்த பெண் யாராவது இருக்கிறாளா என்று வீட்டார் போய்ப் பார்த்தார்களா? உங்கள் நாலு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவள் நடத்தையைப் பற்றி மட்டும் ஒரு முழுப்பக்கம் இருக்கிறது. உயரமா குள்ளமா, கழுத்தில் தாலிக்கயிறா செயினா, தழும்பு மச்சம் ஏதாவது உண்டா, ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு பிரசவ வார்டில் போய் நின்றால், இருபது கட்டிலில் எது அவள் என்று எனக்குத் தெரியாது. மளிகைக்கடைப் பையனோடு சிரித்துப் பேசினாள் என்பது மட்டும் தெரியும்.

புருஷன் முகத்துக்கு வருவோம். கடலுக்குப் போகிறவன் என்று எழுதியிருக்கிறீர்கள். காசிமேட்டிலிருந்து போட்டில் ஏறி வாரக்கணக்கில் கடலில் கிடக்கிறவன் முகத்தில் எதைப் படித்தீர்கள்? அழுதிருந்தால் நடிக்கிறான் என்றிருப்பீர்கள். அவன் நல்லவன் என்று நான் சொல்லவில்லை. முகத்தைப் படிப்பது நம் வேலையில்லை என்கிறேன். ஆனால் அதே பத்தியில் 'ராத்திரியில் சத்தம் கேட்கும்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். என்ன சத்தம்? அடிக்கிற சத்தமா? என்றைக்கு? இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும், அவள் தெருவில் இருந்தபோதே. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவள்தான் புகார் சொல்ல வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம், நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. பெண்கள் உதவி எண் 181-க்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நமக்கெதற்கு வம்பு என்று இருந்துவிட்டு, ஆளைக் காணோம் என்றதும் ஆளாளுக்குத் துப்பறிகிறோம்.

ஒருவேளை அந்த அடிக்குப் பயந்துதான் அவள் எங்காவது போயிருந்தால்? மேஜரான பெண் தன் இஷ்டப்படி போய் ஓரிடத்தில் பத்திரமாக இருந்தால், அவளைக் கட்டாயப்படுத்தி வீட்டுக்குக் கூட்டிவர யாருக்கும் உரிமை கிடையாது. உங்கள் குழுவிலோ எண்ணூரில் பார்த்தோம், வியாசர்பாடியில் சித்தி வீடு இருக்கிறது என்று இடம் இடமாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குழுவில் அவள் புருஷனும் இருக்கிறான். எதற்கு அஞ்சி ஓடினாளோ அதற்கே வழிகாட்டுகிறீர்கள்.

தலைச்சன் பிள்ளைக் கதை எனக்குப் புதிதில்லை. நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவன், எங்கே பாலம் கட்டினாலும் தலைச்சனைக் காவு கேட்கும் என்று பயமுறுத்தியே எங்களைத் தூங்க வைப்பார்கள். சிரிப்பதற்கில்லை. 2018 மே மாதம், நமக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிற பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்கிறவன் என்று வாட்ஸாப்பில் வந்த வதந்தியை நம்பி ஒருவரை அடித்தே கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மா, குழந்தைக்கு சாக்லேட் கொடுத்ததற்காக உயிரை விட்டார். அங்கேயும் 'பேசிக்கொள்கிறார்கள்' என்றுதான் தொடங்கியது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வரிசை வீட்டில் பிள்ளைத்தாச்சி ஒருத்தி மூன்று நாள் காணாமல் போனாள். பஸ்ஸில் மயங்கி விழுந்தவளை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். செல்போன் இல்லாத காலம். நாலாம் நாள் கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். அதற்குள் அவளை ஒரு ரிக்‌ஷாக்காரனோடு சேர்த்துவைத்து, திருப்பதியில் குடித்தனமும் வைத்து முடித்திருந்தார்கள். என் அம்மாவும் அதில் உண்டு. அதற்கப்புறம் அந்தப் பெண் குழாயடிக்கு வரவே இல்லை. புருஷன்தான் இரண்டு குடத்தோடு வருவான், அவனைக் கண்டதும் பேச்சு நிற்கும். அந்த வீட்டைக் காலி செய்யும்வரை அப்படித்தான்.

சட்ட விஷயம் கொஞ்சம். ஆளைக் காணோம் என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. குற்றம் நடந்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் 'எங்க லிமிட் இல்ல' என்று திருப்பி அனுப்பவும் கூடாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, எல்லை பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் எழுதிக்கொள்ளச் சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். அவளுடைய அம்மா வீட்டார் அந்த நகலைப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

அன்றைக்கு போனில் இவ்வளவும் சொல்லி, உடனே ஸ்டேஷனுக்குப் போங்கள், பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றேன். "தண்ணி லாரி வர்ற நேரம் சார், நாளைக்குப் போறேன்" என்றீர்கள். மறுநாள் சாயங்காலம் திரும்பவும் கூப்பிட்டேன். "போயிட்டு வந்துட்டேன் சார், எல்லாத்தையும் எழுதிக்கினாங்க. ஆனா சார், அங்க இருந்த போலீஸ்காரம்மா மூஞ்சிய பாத்தா எனக்கு ஒண்ணு தோணுச்சு..."

போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகவில்லை அம்மா, நான்தான் வைத்தேன்.