தூங்கும் கணக்குகளை அழிக்கலாமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் ஆக்டிவ் டைரக்டரியில் (பயனர்கள், கணினிகளின் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் வசதி), வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகள் பல ஆண்டுகளாக அப்படியே கிடக்கின்றன. 90 நாட்களாக லாகின் செய்யாதவற்றைத் தேடி அழிக்கும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (விண்டோஸில் தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) ஒன்றை எழுதியிருக்கிறேன். அதை வாரந்தோறும் தானாக ஓடவிடலாமா?

பதில்: ஓடவிடலாம், ஆனால் அது கணக்குகளை முடக்குவதோடு நிற்கட்டும், அழிக்கும் பொறுப்பை அதனிடம் கொடுக்காதீர்கள். உங்கள் கவலை நியாயமானது. 2021 ஏப்ரல் இறுதியில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் தாக்குதல்காரர்கள் நுழைந்தது, யாரும் பயன்படுத்தாமல் விட்டிருந்த ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்பில் இணையும் வழி) கணக்கின் வழியாகத்தான்.

ஸ்கிரிப்ட் எந்தத் தேதியைப் பார்க்கிறது என்பதை முதலில் சரிபாருங்கள். 'லாஸ்ட் லாகான்' (கடைசியாக லாகின் செய்த நேரம்) என்ற மதிப்பை, லாகின்களைச் சரிபார்க்கும் சர்வரான ஒவ்வொரு டொமைன் கன்ட்ரோலரும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது, மற்றவற்றுக்கு அனுப்புவதில்லை. ஆகவே ஒன்றை மட்டும் கேட்டால், கிளை அலுவலகத்தில் தினமும் வேலை செய்பவர்கூடக் காணாமல் போனவராகத் தெரிவார். எல்லாவற்றுக்கும் பரவும் 'லாஸ்ட் லாகான் டைம்ஸ்டாம்ப்' மதிப்போ, இயல்பான அமைப்பில் 9 முதல் 14 நாட்கள் வரை பின்தங்கியிருக்கும். 90 நாள் என்றால் 105 என்று வைத்துக்கொள்வது நல்லது. நேற்று உருவாக்கி இன்னும் ஒருமுறைகூட லாகின் செய்யாத கணக்கில் அந்த இடம் காலியாக இருக்கும் என்பதால், உருவாக்கிய தேதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்களுக்குப் பதிலாக மென்பொருள்கள் பயன்படுத்தும் சர்வீஸ் கணக்குகளை விலக்குப் பட்டியலில் வையுங்கள். லாகின் சீட்டுகளுக்கான சாவியை வைத்திருக்கும் கேஆர்பிடிஜிடி (krbtgt) கணக்கும் பகிர்வு அஞ்சல்பெட்டிகளின் கணக்குகளும் முடங்கிய நிலையிலேயே இருக்க வேண்டியவை. முடங்கியிருக்கிறதே என்று அவற்றைக் கழிவாக எண்ணிவிடாதீர்கள்.

நான் முன்பு பணிபுரிந்த இடத்தில், 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பிய ஒரு பெண்ணின் மடிக்கணினி, நீலத் திரையில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டின் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றது. அந்தச் சாவி, டைரக்டரியில் அவருடைய மடிக்கணினிக்கென்றே இருந்த கணினிக் கணக்கின் கீழேதான் சேமிக்கப்பட்டிருந்தது. எங்கள் ஸ்கிரிப்ட் 90 நாளிலேயே அந்தக் கணினிக் கணக்கையும் அதனுடன் சாவியையும் அழித்திருந்தது. டைரக்டரியின் ரீசைக்கிள் பின் வசதியை இயக்கியிருந்தால், இயல்பாக 180 நாட்கள் வரை மீட்க முடியும், நாங்கள் இயக்கியிருக்கவில்லை. அவர் விடுப்புக்கு முன் எழுதி வைத்த கோப்புகளுக்கு வேறு பிரதி இல்லை.

முடக்கிய கணக்குக்கு எஸ்ஐடி எண்ணும் (அனுமதிகள் எல்லாம் இணைக்கப்படும் தனி அடையாள எண்) குழு உறுப்பினர் உரிமைகளும் மாறாமல் இருக்கும், ஒரு நிமிடத்தில் திருப்பித் தரலாம். அழித்த பிறகு அதே பெயரில் புதிதாக உருவாக்கினாலும் எஸ்ஐடி வேறாகிவிடும், பழைய அனுமதிகள் எதுவும் பொருந்தா. எனவே முடக்கிய தேதியையும் காரணத்தையும் விவரக் குறிப்பில் எழுதி, தனி ஓயூவுக்கு (டைரக்டரிக்குள் உள்ள கோப்புறை போன்ற பிரிவு) நகர்த்துங்கள்.

ஒரே ஓட்டத்தில் வழக்கத்துக்கு மீறி, உதாரணமாக 20 கணக்குகளுக்கு மேல் சிக்கினால், எதையும் தொடாமல் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். இந்தத் தடையை நான் மிக அவசியமானதாகக் கருதுகிறேன். டைரக்டரியை மேகக் கணக்குகளோடு ஒத்திசைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் என்ட்ரா கனெக்ட்கூட 500க்கு மேல் நீக்கங்கள் வந்தால் இயல்பாகவே நின்றுவிடுகிறது. முதல் நான்கு வாரங்கள் எதையும் மாற்றாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும் 'வாட்இஃப்' நிலையில் ஓட்டி, வரும் பட்டியலை மனிதவளத் துறையிடம் காட்டுங்கள். முடங்கி ஆறு மாதம் கடந்தவற்றை, மீட்புச் சாவிகளைப் பிரதி எடுத்த பிறகு, உங்கள் கையாலேயே அழித்துவிடுங்கள்.